மரத்தைவிட வலுவற்ற பசை

1

வயலினின் மேற்பலகையைப் பக்கச்சுவர்களோடு ஒட்டுகிறவன் இருப்பதிலேயே உறுதியான பசையாகத் தேடி எடுப்பதில்லை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல்பசையில் தண்ணீர் கூட்டி இளக்கி, வேண்டுமென்றே அதைப் பலவீனப்படுத்தி ஒட்டுகிறான். காரணம் எளிமையானது. காற்றில் ஈரம் வற்றிப் பலகை சுருங்குகிற ஒரு நாளில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் விளிம்பில் ஒரு வாய் திறக்கும். கொஞ்சம் புதுப்பசையும் இரண்டு பிடிப்பான்களும் இருந்தால் அதை மூடிவிடலாம். பசை பிடிவாதமாக நின்றால் மரம் பிளக்கும். பிளந்த மரம் அதற்குப் பிறகு என்றென்றைக்கும் பிளந்த மரம்தான். எவ்வளவு கெட்டிக்காரன் ஒட்டினாலும் அது ஒட்டிய மரம்.

செய்கிறவனுக்கு இந்த விதி ஆதியிலிருந்தே தெரியும். பழுது பார்க்கிறவனுக்கும் இதே விதி பொருந்தும், அவன் சேர்க்கிற எதுவும் மூலத்தைவிட வலுவாக இருக்கக் கூடாது, பின்னால் வருகிறவன் அவிழ்க்கும்படி இருக்க வேண்டும் என்பது சித்தாந்தமாக நிலைபெற ஏறக்குறைய இருநூறு வருடங்கள் பிடித்தன. அந்த இருநூறு வருடங்களில் நிறைய மரம் போயிற்று. எப்படிப் போயிற்று, யார் கையால் போயிற்று என்பது வாத்தியக்காரர்களுக்கு மட்டுமான விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பழையதைக் கையில் எடுத்துப் பேசுகிற எவனுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

வயலின் நமக்கு அந்நியமானதல்ல. பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலம்தொட்டு நம் சங்கீதத்தோடு இருப்பது. ஆனால் இங்கே பேசப்போவது வட இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் பிறந்த வயலின்களைப் பற்றி. அமாத்தி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி குடும்பங்களின் கைவேலை. இவற்றுக்குப் பணமதிப்பு இருந்ததால் இவற்றின் விரிசல்களையும் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். மலிவான வாத்தியத்தின் பழுதுக்குச் சரித்திரம் இல்லை.

2

முதலில் விரிசல். மரம் வெட்டுண்டு முன்னூறு வருடங்கள் ஆன பின்னும் அசைந்துகொண்டிருக்கிற வஸ்து. ஈரம் ஏறினால் உப்பும்; வற்றினால் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் எல்லாத் தொந்தரவுக்கும் மூலம். ரேகையின் போக்கில், அதாவது மரம் உயர்ந்த திசையில், அசைவு அநேகமாக இல்லை. பச்சை மரம் முழுக்க உலரும்போதுகூட நீளவாட்டில் 1 சதவிகிதத்தின் ஒரு சிறு பங்குதான் குறையும். குறுக்குவாட்டில் ஸ்ப்ரூஸ் மரம், அறுத்த விதத்தைப் பொறுத்து, 4 முதல் 8 சதவிகிதம் வரை குறையும். வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ். அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். அகலம் மிக அதிகமான இடத்தில் 20 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இந்த அகலம் மழைக்கும் வெயிலுக்கும் கூடிக் குறைய, அதோடு ஒட்டியிருக்கும் மற்றதெல்லாம் வேறு கணக்கில் கூடிக் குறைகின்றன.

ஓர் உதாரணம் போதும். வயலினின் கீழ் விளிம்பில், தந்திகளைத் தாங்கும் பட்டையை இழுத்துப் பிடிக்கிற நரம்பு பலகையை அறுத்துவிடாமலிருக்க, கருங்காலித் துண்டு ஒன்றைப் பதித்திருப்பார்கள். கருங்காலியின் நீளவாட்டு பலகையின் அகலவாட்டில் கிடக்கிறது. பலகை சுருங்கும், கருங்காலி சுருங்காது. துண்டின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு விரிசல்கள் மேல்நோக்கிக் கிளம்பும். இதைத் தடுக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. பதிக்கும்போது இரண்டு முனையிலும் மயிரிழை இடைவெளி விட்டால் போதும். இறுக்கமாக, நேர்த்தியாக, சந்து தெரியாமல் பதித்தவன்தான் பலகையை உடைத்தவன். நேர்த்தி எந்த இடத்தில் தீமையாகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் அஞ்சப்படுவது வேறொரு விரிசல். வயலினுக்குள்ளே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சுமார் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குச்சி நிற்கிறது. பசை கிடையாது; அழுத்தத்தில் நிற்கிறது. இத்தாலியர்கள் இதற்கு ‘அனிமா’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மொழியில் அதையே சொல்கிறார்கள். ஆன்மா. நான்கு தந்திகளின் இழுப்பும் சேர்ந்தால் 20 முதல் 25 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்களவுக்கு குதிரையின் வழியாகப் பலகைமேல் இறங்குகிறது. ஆன்மா நிற்கிற இடத்தில் பலகை பிளந்தால் விலை சரியும். அடிப்பலகையில் அதே இடத்தில் பிளந்தால் விலை பாதாளத்துக்குப் போகும்.

3

சரித்திரம் ஒரு பிரபுவிடமிருந்து தொடங்குகிறது. அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். பட்டறையில் மிஞ்சியிருந்த அச்சுகள், காகித வரைவுகள், கருவிகள், சில வாத்தியங்கள் ஆகியவற்றை அவருடைய மகன் பாவ்லோவிடமிருந்து 1775-76-ல் வாங்கியவர் பீட்மான்ட் பிரதேசத்தைச் சேர்ந்த கோட்ஸியோ பிரபு. அப்போது அவருக்கு வயது இருபது. 1840-ல் சாகும்வரை அவருக்கு இந்தப் பித்து விடவில்லை. கையில் வந்துபோன ஒவ்வொரு வாத்தியத்தையும் அளந்து எழுதினார். நீளம், அகலம், வார்னிஷின் நிறம், விரிசல் எங்கே, ஒட்டு எங்கே. அந்தக் குறிப்புகள் 1950-ல் மிலானில் அச்சாயின. கருவிகளும் அச்சுகளும் பிரபுவின் வாரிசுகளிடமிருந்து 1920-ல் ஜுசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கைவினைஞரிடம் வந்து, அவரால் 1930-ல் கிரெமோனா ஊருக்கே கொடுக்கப்பட்டன. 2013-ல் அங்கே திறந்த வயலின் அருங்காட்சியகத்தில் இன்று அவற்றைப் பார்க்கலாம்.

இவ்வளவு பக்தியுள்ள மனிதர், தம்மிடமிருந்த கிரெமோனா வயலின்களை மிலானிலிருந்த மான்டெகாட்சா சகோதரர்களிடம் கொடுத்து மாற்றியமைக்கச் சொன்னார். இதில் கபடம் எதுவும் இல்லை. கோட்ஸியோவுக்கும் அவர் காலத்தவருக்கும் வயலின் என்பது வாசிக்கப்படுகிற பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சங்கீதம் பிரபுக்களின் கூடங்களிலிருந்து டிக்கெட் விற்கிற அரங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிக ஒலி வேண்டும். மேல் ஸ்தாயியில் அதிக இடம் வேண்டும். சுருதி ஊருக்கு ஊர் ஏறிக்கொண்டிருந்தது. பிரான்ஸில் அரசாங்கமே தலையிட்டு 1859-ல் சுருதியை 435 அதிர்வு என்று நிர்ணயிக்க வேண்டி வந்தது.

ஆகவே கழுத்தை வெட்டினார்கள். பழைய கழுத்து கொஞ்சம் குட்டை; உள்ளே இருந்த கட்டையோடு ஆணி அடித்து நிறுத்தியது. அதை எடுத்துவிட்டு, சற்று நீளமான, பின்பக்கம் சாய்ந்த புதுக் கழுத்தைப் பொருத்தி, பழைய சுருள் தலையை மட்டும் அதன் மேல் ஒட்டுப்போட்டார்கள். பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சட்டத்தைப் பிய்த்துவிட்டுக் கனமானதை ஒட்டினார்கள். அடியோடு திறந்துதான் இருக்கிறது என்று பலகையையும் உள்பக்கம் சுரண்டி மெலிதாக்கியவர்கள் உண்டு. மெலிந்த பலகை கொஞ்ச காலம் தாராளமாகப் பேசும். பிறகு தொய்ந்து பிளக்கும். பெரிய உருவத்தில் செய்யப்பட்ட பதினேழாம் நூற்றாண்டு செல்லோக்கள் பலவற்றை ஓரங்களை அறுத்துச் சிறிதாக்கினார்கள்.

விளைவு இது. ஸ்ட்ராடிவாரி செய்ததில் சுமார் 650 வாத்தியங்கள் எஞ்சியிருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். அவர் விட்டபடியே, கழுத்தும் விரல்பலகையும் குதிரையும் உட்பட மாறாமல் இருப்பது என்று சொல்ல ஃபிளாரன்ஸில் இருக்கும் 1690-ஆம் வருடத்து மெடிச்சி டெனர் வயோலா ஒன்றைத்தான் சுட்டுகிறார்கள். அது எப்படித் தப்பியது? யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய டெனர் வயோலா வழக்கொழிந்துவிட்டது. பயன்படாமல் போனதால் பிழைத்தது. மற்றவை பயன்பட்டதால் அறுபட்டன. அறுபட்டதால் இன்றைக்கும் மேடையில் இருக்கின்றன. கோட்ஸியோவைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் சொல்லியாக வேண்டும்.

4

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நேஹம் டேட் ஞாபகம் வருவார். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனை 1681-ல் அவர் திருத்தி எழுதினார். விதூஷகனை நீக்கினார். கார்டீலியா சாகவில்லை, கல்யாணம் செய்துகொள்கிறாள். நூற்றைம்பது வருடங்கள் ஆங்கில மேடையில் நடந்தது பெரும்பாலும் டேட்டின் லியர்தான். எட்மண்ட் கீன் 1823-ல் துயர முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார். மக்ரெடி 1838-ல் விதூஷகனையும் அழைத்துவந்தார். மான்டெகாட்சா செய்ததும் டேட் செய்ததும் ஒரே காரியம். காலத்தின் செவிக்குப் பழையதை இசைவாக்குவது.

வித்தியாசம் என்ன? மக்ரெடி திரும்பிப் போவதற்கு 1623-ன் ஃபோலியோ இருந்தது. டேட் என்ன வெட்டினாலும் அச்சடித்த பிரதி அலமாரியில் பத்திரமாக இருந்தது. வயலினுக்கு ஃபோலியோ கிடையாது. ஒரே பிரதி, அதுவும் கையிலிருக்கிற இதே மரம். உள்பக்கம் சுரண்டிய அரை மில்லிமீட்டர் சுருளாகத் தரையில் விழுந்து அன்று மாலையே குப்பைக்குப் போயிற்று. எழுத்தில் தவறாகக் கைவைக்கிறவனைக் காலம் மன்னித்துவிடுகிறது. மரத்தில் அப்படி நடப்பதில்லை. அதனால்தான், நாம் சோம்பலாக ஒத்திப்போடுகிற ஒரு தர்மத்தை அவர்கள் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

5

ஆனால் உடனே உண்டாக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலின் வாசிக்கிற பொருளாக இருந்ததோடு சேகரிக்கிற பொருளாகவும் ஆயிற்று. பழுது பார்க்கிறவனின் வேலை மாறிவிட்டது. முன்பு மேம்படுத்தினான், இப்போது மறைத்தான். இந்தக் காலத்தின் பெரிய பெயர் பாரிஸில் கடை வைத்திருந்த ழான்-பாப்டிஸ்ட் வியோம் (1798-1875). அபாரமான கை. 1830-களில் பாகனீனி தம்முடைய வயலினை, 1743-ல் குவார்னேரி தெல் ஜெஸூ செய்து ‘பீரங்கி’ என்று பெயர்பெற்ற வயலினை, பழுது பார்க்க அவரிடம் கொடுத்தார். வியோம் பழுதும் பார்த்தார்; அப்படியே ஒரு நகலும் செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது எது தம்முடையது என்று பாகனீனி தடுமாறினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியோ, நகல் இருக்கிறது. பாகனீனி அதைத் தம் மாணவர் சீவோரியிடம் கொடுக்க, இன்று அசலும் நகலும் ஜெனோவா நகரத்தின் உடைமை.

அதே பாரிஸில் அதே வருடங்களில் வியோலெ-லெ-துக் என்ற கட்டடக்கலைஞர் நோத்ர்-தாம் கோயிலைப் புதுப்பிக்கும் வேலையை 1844-ல் ஏற்றார். புதுப்பித்தல் என்பது ஒரு கட்டடத்தை, அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம் என்பது அவர் கொள்கை. எதிர்ப்பக்கத்தில் ரஸ்கின். புதுப்பித்தல் என்பதே பொய், கட்டடத்துக்கு நேரக்கூடிய அழிவுகளில் கடைசியானது என்று 1849-லேயே எழுதிவிட்டார். வில்லியம் மாரிஸ் 1877-ல் அந்தக் கருத்துக்கு ஒரு சங்கமே அமைத்தார். சிதைந்ததைச் சிதைந்தபடி காப்பாற்று, சாய்ந்தால் முட்டுக்கொடு, முகத்தைச் சுரண்டாதே.

வயலின்காரனுக்கு இரண்டு கட்சியும் உதவாது. வியோலெ-லெ-துக் வழியில் போனால் மான்டெகாட்சாவிடம் திரும்பிப் போகிறோம். ரஸ்கின் வழியில் போனால், விரிசலை விரிசலாகவே மதித்து விட்டுவிட்டால், தந்தி ஏற்றிய மறு நிமிஷம் பலகை அமுங்கிவிடும். இடிந்த கோயிலின் முன் நின்று உருகலாம். இடிந்த வயலினை வாசிக்க முடியாது. சித்திரங்களைப் புதுப்பிக்கிறவர்களுக்குக் கிடைத்த மூன்றாவது வழியும் இங்கே முழுக்கப் பொருந்தவில்லை. ரோமில் 1939-ல் ஏற்பட்ட மத்தியப் புதுப்பித்தல் நிலையத்தின் தலைவர் சேஸரே பிராண்டி, சித்திரத்தில் உதிர்ந்த இடத்தை மெல்லிய கோடுகளால் நிரப்பச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால் சித்திரம் முழுமை. கிட்டத்தில் போனால் எது புதுசு என்று தெரிந்துவிடும். கண்ணியமான வழி. ஆனால் சித்திரம் எதையும் சுமப்பதில்லை. வயலினின் பழுது பாரம் சுமக்க வேண்டும்.

வியோமின் கையாலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு ஹில் குடும்பத்தார் 1939-ல் அளித்த தொகுப்பில் ‘மெஸ்ஸையா’ என்ற 1716-ஆம் வருடத்து ஸ்ட்ராடிவாரி இருக்கிறது. அநேகமாக வாசிக்கப்படாதது, புதுசுபோல் மின்னுவது, அசல் தன்மைக்கு உதாரணமாகக் காட்டப்படுவது. அதன் கழுத்தை அடியில் நீட்டியவர் வியோம். உள்சட்டத்தை மாற்றியவரும் வியோம். கண்ணாடிப் பெட்டிக்குள் யாரும் தொடாமல் நிற்கிற அந்த அசலுக்குள்ளும் ஒரு பழுதுபார்த்தவன் உட்கார்ந்திருக்கிறான்.

6

விரிசலை எப்படி ஒட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய முறை இது. விரிசலுக்குப் பசை விட்டு நெருக்கிய பிறகு, உள்பக்கம் அதன் நெடுகிலும் குறுக்காகச் சின்னச் சின்ன மரச்சில்லுகளை, காயத்துக்குத் தையல் போட்டதுபோல், ஒட்டுவார்கள். சிலர் துணியோ தோலோ ஒட்டினார்கள். விரிசல் மறுபடி திறந்துவிடுமோ என்ற பயத்தில் சில்லுகளைக் கனமாகவும், ரேகைக்கு நேர் குறுக்காகவும், நெருக்கமாகவும் வைத்தார்கள். சில்லின் ரேகை பலகையின் ரேகைக்குக் குறுக்கே நிற்கிறது. பலகை சுருங்கும், சில்லு சுருங்காது. கருங்காலித் துண்டின் கதைதான் மறுபடியும். கொஞ்ச காலத்தில் சில்லுகளின் ஓரத்தை ஒட்டியே புது விரிசல் விழும். சில்லு இருக்கும் இடம் மேற்பரப்பில் புடைத்துத் தெரியும். பழைய விரிசல் மட்டும் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தனம்தான் பக்கத்தைப் பிளந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இதைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் ரோமில் 1895-ல் பிறந்த சிமோனே ஃபெர்னாண்டோ சக்கோனி. 1931-ல் நியூயார்க் போய், முதலில் எமில் ஹெர்மன் கடையிலும் பிறகு வூர்லிட்ஸர் கடையிலும் வேலை பார்த்தார். உலகத்தின் பெரிய வயலின்கள் பல அவர் மேஜை மேல் திறந்து கிடந்தன. கிரெமோனா அருங்காட்சியகத்திலிருந்த அச்சுகளையும் வரைவுகளையும் தம் கையில் திறந்து பார்த்த மரத்தோடு பொருத்திப் படித்து, ஸ்ட்ராடிவாரியின் வேலைமுறை பற்றி 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த வருடம் இறந்தார். அவர் சொன்ன ரசாயனங்களில் சிலவற்றைப் பின்வந்தவர்கள் ஒப்பவில்லை. அது வேறு விஷயம். மரத்தில் கைவைக்குமுன் அதைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்று கேட்க வேண்டும் என்ற பழக்கம் பட்டறைகளில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. அதே மரபில், அமெரிக்காவில் வேலை பார்த்த ஹான்ஸ் வைஸ்ஹார், மார்கரெட் ஷிப்மனோடு சேர்ந்து 1988-ல் புதுப்பித்தலின் வழிமுறைகளை ஒரு பெரிய கையேடாக எழுதினார். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு புயலின்போது கடலில் போய்க் கரை ஒதுங்கிய 1732-ஆம் வருடத்து ஸ்ட்ராடிவாரி ஒன்றை மறுபடி வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

புதிய முறையில் ஆன்மா நிற்கிற இடத்து விரிசலை இப்படிப் பார்க்கிறார்கள். பலகையைக் கழற்றுகிறார்கள் (இளகிய பசையின் பயன் இங்கே தெரியும்). அதன் வெளிமுகத்துக்கு பிளாஸ்டரில் ஓர் அச்சு எடுத்து, அதில் பலகையைப் படுக்கவைக்கிறார்கள். முன்னே ஒட்டியவர்களின் பசையையும் அழுக்கையும் வெந்நீரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுகிறார்கள். விரிசலை வஜ்ஜிரத்தால் மூடுகிறார்கள். பிறகு உள்பக்கம் நீள்வட்டமாக ஆழமில்லாத ஒரு குழி சுரண்டி, வெளிமுகத்தில் மெல்லிய மூல மரத்தை விட்டு, அந்தக் குழிக்கு ஸ்ப்ரூஸிலேயே ஒரு மூடி செய்கிறார்கள். ரேகை ரேகையோடு சேரவேண்டும். குழியில் சாக்கட்டி தடவி மூடியை அழுத்தி, வெள்ளை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி, மூடி முழுக்க ஒரேசீராக வெள்ளை படியும்வரை நாள்கணக்கில் செய்வார்கள். மற்ற இடங்களில் சில்லுகள் மெலிந்து, சிறுத்து, ரேகைக்குச் சாய்வாகத் திரும்பிவிட்டன. வெளியே நிறம் தீட்டுவது உதிர்ந்த இடத்தில் மட்டும். பழைய வார்னிஷ் மேல் புதுசு ஏறக்கூடாது.

பசை அதே வஜ்ஜிரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்து, சுமார் 60 டிகிரி சூட்டில் இளக்கிப் பூசுகிற பசை. யுத்தத்துக்குப் பிறகு வந்த செயற்கைப் பசைகளில் இதைவிட வலுவானவை எத்தனையோ உண்டு. இதைத்தான் வைத்துக்கொண்டார்கள். வெந்நீரும் பொறுமையும் இருந்தால் வஜ்ஜிரம் போய்விடும்; மரம் நிற்கும். எபாக்ஸியால் ஒட்டிய விரிசலை அடுத்தவன் திறக்க வேண்டுமானால் மரத்தை வெட்டித்தான் திறக்க வேண்டும்.

ஆன்மாவின் குழிக்குச் சுரண்டியதும் மூல மரம்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம். இழப்பே இல்லாத பழுது கிடையாது. முன்னவர்கள் தாங்கள் இழப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இவர்கள் அதைக் கிராம் கணக்கில் கவலைப்பட்டார்கள்.

7

கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்ட கேள்வியை இங்கே யாராவது எழுப்பக்கூடும். வயலின் விஷயத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் திசைதப்பியது. கப்பலில் பழையது போகிறது, அதே மாதிரியான புதுசு வருகிறது. வயலினில் பழையதை விடக்கூடாது என்பதற்காகத்தான் புதுசு வருகிறது. மிச்சமிருக்கிற பழைய மரத்துக்கு வேலை செய்யவே புது மரம் உள்ளே போகிறது. ஆகவே கேட்க வேண்டியது, எது மிஞ்சியது என்பதல்ல. சேர்ந்தது எப்படிச் சேர்ந்தது, பிரிக்க முடியுமா, யார் சேர்த்தது என்று தெரிகிறதா என்பவையே கேள்விகள்.

வங்கியில் பேரேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தவறான எண்ணை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலேயே கெட்டியாகத் திருத்தியும் எழுதக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, அடிபட்ட எண் வாசிக்கும்படி இருக்க, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வயலினைத் திறந்தால் உள்ளே சில சமயம் பழுது பார்த்தவன் பெயரும் வருடமும் எழுதிய சீட்டு இருக்கும். வெளியே தன் வேலை தெரியக்கூடாது என்று பாடுபட்டவன் உள்ளே சுருக்கொப்பம் வைத்திருக்கிறான். கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். பிராண்டி சித்திரத்தில் கோடுகளால் செய்ததை வயலின்காரன் இப்படிச் செய்கிறான். பார்வையாளனிடமிருந்து மறைக்கிறான், பின்வரும் தொழிலாளியிடம் ஒப்புக்கொள்கிறான்.

விமர்சனத்தில் நாம் இன்னும் பெரும்பாலும் மான்டெகாட்சா காலத்தில் இருக்கிறோம். பழைய பிரதியை இன்றைய செவிக்கு ஏற்றபடி கழுத்தை நீட்டி, உள்சட்டத்தை மாற்றி, மெலியச் சுரண்டிப் பேசவைக்கிறோம். கொஞ்ச காலம் தாராளமாகப் பேசுகிறது. அல்லது வியாக்கியானத்தை எபாக்ஸிபோல் ஒட்டிவிடுகிறோம். பிறகு வருகிறவன் அந்த வியாக்கியானத்தைப் பெயர்க்கும்போது பிரதியும் கூடவே கிழிந்து வருகிறது. அலமாரியில் பிரதி அப்படியே இருக்கத்தானே செய்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அச்சில் இருக்கிறது. வாசகன் மனத்தில் ஒருமுறை தவறாக ஒட்டியதற்கு ஃபோலியோ ஏது? ஒரு கவிதை எங்கே விரிந்திருக்கிறது என்று காட்ட, அது தன் பாரத்தைச் சுமக்கிற அளவுக்கு மட்டும் ஒரு சில்லு வைக்க, அந்தச் சில்லைக் கவிதையைவிட மெலியதாக வைக்கத் தெரிந்த விமர்சகனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

8

கடைசியாக இரண்டு சம்பவங்கள். 2004-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டு வாசலில் வைத்திருந்த ‘ஜெனரல் கிட்’ என்ற 1684-ஆம் வருடத்து ஸ்ட்ராடிவாரி செல்லோ களவுபோயிற்று. சில நாட்களில் குப்பைத்தொட்டி அருகே கிடந்ததை ஒரு பெண்மணி எடுத்துக்கொண்டுபோனார். உடைந்த பழைய செல்லோ. குறுந்தட்டுகள் வைக்கிற அலமாரியாக மாற்றலாம் என்று அவர்கள் வீட்டில் யோசனை இருந்ததாம். செய்தி தெரிந்து திருப்பிக் கொடுத்தார். விரிசல்களைச் சரிசெய்தார்கள், செல்லோ மறுபடி மேடைக்குப் போயிற்று. முன்னூற்றிருபது வருட மரத்துக்கும் ஒரு குறுந்தட்டு அலமாரிக்கும் நடுவே அன்று இருந்தது ஒரு செய்தியும், வஜ்ஜிரச் சட்டியோடு காத்திருந்த ஒரு தொழிலாளியும்.

2012-ல் மாட்ரிட் அரண்மனையில், ஸ்பெயின் அரச உடைமையான சித்திர வேலைப்பாடுள்ள ஸ்ட்ராடிவாரி செல்லோ ஒன்று சேதமடைந்தது. உலகமெங்கும் பத்திரிகைகள் அலறின. பார்த்தபோது, உடைந்தது கழுத்தருகே ஒரு பகுதி. அது ஸ்ட்ராடிவாரியின் மரமல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ பழுது பார்த்தபோது சேர்த்த துண்டு. ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டிய தருணத்தில் அந்தத் துண்டு விட்டுக்கொடுத்திருக்கிறது. மூல மரம் தப்பியது. அந்தத் துண்டைச் செய்து வைத்தவனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. பழுது சரிசெய்யப்பட்டது, அந்த இடத்தில் இப்போது இன்னொருவனுடைய வேலை இருக்கிறது.